தொனாத்தா கூப்பிட்ட எசமான்

இந்தக் காலத்துப் புருஷன்களுக்குத் தன் பெண்டாட்டியைத் தானே சந்தேகப்படக்கூடத் துப்பில்லை. அதற்கும் ஆள் வைக்கிறார்கள். முன்பெல்லாம் ஒருவனுக்குச் சந்தேகம் வந்தால் தெருவில் நின்று கத்துவான். நாலு சட்டியை உடைப்பான். சாயங்காலம் அவள் ஊற்றிய கூழையே குடித்துவிட்டுக் குப்புறப் படுப்பான். விஷயம் முடிந்தது. இப்போது அப்படியா? வேவு பார்க்க ஒருத்தன், அந்த வேவுகாரனை நம்பாமல் இன்னொருத்தன். ஊரே ஒருவன் முதுகை ஒருவன் பார்த்துக்கொண்டு திரிகிறது.

இத்திபால் கிழவர் இப்படித்தான் புலம்பிக்கொண்டிருந்தார். புலம்பிய இடம் கார்த்தேஜ் நகரத்து வண்ணார் தெருவில் ஒரு சலவைக்காரனுடைய மச்சு. விடியலின் முதல் வெளிச்சம் அப்போதுதான் கூரைகளைத் தொட்டிருந்தது. அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே படுத்து, பலகை இடுக்கு வழியாக எதிர்வீட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகக் காவலில் கிடந்தே நரைத்துப்போனவர். எழுத்து வாசனை கிடையாது. நம்பிக்கை என்பதும் கிடையாது. வெயில் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

"மெதுவா, பெருசு. உன் முணுமுணுப்பு எதிர்வீடு வரைக்கும் கேக்குது." பக்கத்தில் படுத்திருந்த சோசிமு மூக்கைப் பொத்திக்கொண்டான். ஒரு காலத்தில் நாடகக் கொட்டகையில் அடிவாங்குகிற கோமாளியாக இருந்தவன். இப்போது கிழவருக்குக் கையாள். "கீழ அழுக்குப் போக மூத்திரத் தொட்டியில துணி ஊறுது. இந்த நாத்தத்தையும் தாண்டி ஒருத்தி காதலனைப் பாக்க வர்றான்னா, அது தெய்வீகக் காதல்தான். விட்டுடலாம்."

"வாயை மூடிட்டுக் கண்ணைத் திற."

வழக்கு இதுதான். துறைமுகத்தில் மீன்சாறு வியாபாரம் செய்யும் மெத்தூன் நேற்று இவர்களைத் தேடி வந்திருந்தான். நல்ல வசதி, நல்ல உடம்பு, பொறாமையில் கண் மட்டும் உள்ளே போயிருந்தது. தன் மனைவி தொனாத்தாவுக்கு ஒருத்தன் இருக்கிறான் என்றான். அதற்கு அவன் வைத்திருந்த சாட்சிகள் விசித்திரமானவை.

ஞாயிறுதோறும் விடியுமுன் வீட்டை விட்டுப் போகிறாள். புதனும் வெள்ளியும் பிற்பகல் வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை, பிரிவில் வாடுகிறவள் போல. தினமும் காலையில் எதையும் சாப்பிடுமுன், ஒரு சின்ன மரச்செப்பைத் திறந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். புருஷனைக் கண்டால் செப்பை மூடிவிடுகிறாள்.

"அது வசிய மருந்து, பெரியவரே. எவனோ குடுத்திருக்கான்" என்று பல்லைக் கடித்தான் மெத்தூன். "இதெல்லாம்கூடப் பொறுத்துப்பேன். தூக்கத்துல பேசறா. 'வாங்க எசமான், சீக்கிரம் வாங்க'ன்னு. வீட்டு எசமான் நான் பக்கத்துல மலை மாதிரி படுத்திருக்கேன். வேற எந்த எசமானை இவ கூப்பிடறா?"

அடிமை பாரிக்கை நாலு வருஷத்துக்கு முன்பே வேவு பார்க்க அனுப்பியிருந்தானாம். வண்ணார் தெருத் தையல்காரிக்கு உடம்பு சரியில்லை, அவளைப் பார்க்கத்தான் அம்மா போகிறார் என்று அவன் வாராவாரம் ஒரே சேதி கொண்டுவந்தான். "நாலு வருஷமாவா ஒருத்தி சீக்கா கிடப்பா?" என்று கேட்டான் மெத்தூன். "அவன் பேரை மட்டும் சொல்லுங்க. மீன் அறுக்கற கத்தி என்கிட்ட இருக்கு. அவளை மொட்டையடிச்சு அப்பன் வீட்டு வாசல்ல தள்ளிடுவேன்."

சொன்னதைச் செய்கிற முகம்தான். அதனால்தான் அந்த ஆளின் பெயரைக் கண்டுபிடித்தாலும் உடனே வாயைத் திறப்பதில்லை என்று இத்திபால் தீர்மானித்திருந்தார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தையல்காரியின் வீடு. தலையில் முக்காடிட்ட ஒரு பெண் உள்ளே நுழைந்தாள்.

"தொனாத்தா" என்றான் சோசிமு.

அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். தோல் பதனிடுகிறவர்கள், மீன் கூடைக்காரிகள், பல்போன கிழவன் ஒருவன், பட்டுக்கரை போட்ட ஒரு சீமாட்டி. முற்றத்தில் வெகுநேரம் பேச்சு நடந்தது, கேட்கவில்லை. பிறகு, உட்கார்ந்தே இருந்த தையல்காரியைத் தவிர எல்லோரும் எழுந்து கிழக்கே பார்த்து நின்று கைகளை விரித்தார்கள். பிறகு முத்தமிட ஆரம்பித்தார்கள்.

சோசிமு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

தொனாத்தா முதலில் தையல்காரியை முத்தமிட்டாள். அடுத்துப் பல்போன கிழவன். அடுத்து ஒரு தோல்காரன். அதற்கும் அடுத்து, பழுப்புத் துணியால் தலையை மூடிய ஒருவன். இவர்களுக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கதவு அகலத்துக்கு முதுகு. இடது தோள் வலதைவிடச் சற்று இறங்கியிருந்தது.

"பெருசு, ஒருத்தனைத் தேடித்தானே வந்தோம்? இங்க ஒரு பட்டாளமே நிக்குது! மெத்தூன்கிட்ட எப்படிச் சொல்றது? 'முதலாளி, உங்க சந்தேகம் ரொம்பச் சின்னது'ன்னா?"

"நல்லாப் பாருடா. ஒருத்தருக்கு ஒண்ணுதான். எவனாவது ரெண்டாவது கேட்டானா? காதலிக்கறவ கண்ணு ஒருத்தன் மேலதான் ஒட்டிக்கிட்டு நிக்கும். இவ பக்கத்துல யார் நின்னாலும் குடுத்துட்டு நகர்றா." கிழவர் மல்லாந்து படுத்து மோட்டைப் பார்த்தார். "கிறிஸ்து ஆளுங்க."

"கழுதைத் தலைச் சாமியைக் கும்பிடறவங்களா? குழந்தையை மாவுல புரட்டித் தின்பாங்கன்னு சொல்றாங்களே?"

"நீ பாத்தியா?"

"இல்ல."

"நானும் பாக்கலை. ஆனா அவங்க ரொம்ப நல்லவங்கன்னும் சொல்றாங்க, அதையும் நான் பாக்கலை." கிழவர் எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "அந்த எசமான் யாருன்னு புரிஞ்சுதா? அவங்க சாமி. திரும்பி வருவாருன்னு காத்துக்கிட்டிருக்காங்க. புதனும் வெள்ளியும் அவருக்குத்தான் விரதம். தூக்கத்துலயும் அவரைத்தான் கூப்பிடறா."

"அப்ப வேலை முடிஞ்சுது. ஆள் இல்லை, சாமிதான்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

"போயிடலாம். அவன் இந்த ஆத்திரத்துல நேரா ஆளுநர் வீட்டுக்குப் போவான். 'என் பெண்டாட்டி கிறிஸ்தவள்'னு ஒரு வார்த்தை. போன வசந்தத்துல இந்தக் கூட்டத்துப் பொண்ணுங்களை அரங்கத்துல சிறுத்தைக்குப் போட்டாங்களே, மறந்துட்டியா?"

சோசிமு மறக்கவில்லை. அன்றைக்கு அதே அரங்கத்தில் இடைவேளையில் குட்டிக்கரணம் அடித்தவன் அவன்தான்.

"முதல்ல அந்த முதுகு யாருன்னு தெரியணும்" என்றார் இத்திபால். "வர்ற வழியில ரத்தக் குடல் வாங்கிக்க. சூடா. நிறைய."

"பசிக்குதா?"

"நீதிமன்ற வாசல்லயும் கொஞ்ச நாள் காவல் நின்னிருக்கேன், அங்க பாத்தது. இவங்க ரத்தம் தொடமாட்டாங்க. ஆட்டுக் குடல்ல ரத்தத்தை அடைச்சுச் சுட்டு மூக்குக்கு நேரா நீட்டினா போதும். எவன் அந்தக் கூட்டம்னு அங்கயே தெரிஞ்சுடும். நூறு கேள்வி கேக்கறது மிச்சம்."

மெத்தூனின் வீடு துறைமுகத்தை ஒட்டி. பின்கட்டில் மார்பு உயரத்துக்கு மொடாக்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் மீன் புளித்துக்கொண்டிருந்தது. முதலாளி உத்திக்கா ஊருக்குப் போயிருக்கிறார், நாளைதான் வருவார் என்றாள் சமையல்காரி. அதுவும் நல்லதுதான் என்று நினைத்தார் கிழவர். ஆனால் அதையும் முழுசாக நம்பவில்லை. சந்தேகப்படுகிறவன் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் தெருமுனை வரைக்கும்தான் போவான்.

"எங்க பெருசுக்கு இன்னைக்குப் பிறந்த நாள்!" என்று கூவினான் சோசிமு, கூடையைத் திறந்து. "எத்தனாவதுன்னு கேக்காதீங்க, அவருக்கே எண்ணத் தெரியாது. எல்லாரும் வாங்க!"

சமையல்காரி இரண்டு தின்றாள். வாயிற்காவலன் ஒன்றைத் தின்று, விரலை நக்கி, கூடையை இன்னொரு முறை பார்த்தான். அப்போதுதான் வெளியிலிருந்து வந்த தொனாத்தாவிடம் சோசிமு ஒன்றை நீட்டினான்.

"வேண்டாம்" என்றாள். வயிறு சரியில்லை, பிறகு சாப்பிடுகிறேன் என்றெல்லாம் ஒரு சாக்கும் சொல்லவில்லை. வேண்டாம், அவ்வளவுதான்.

கடைசியாக பாரிக் வந்தான். ஒரே மூச்சில் பெரிய ஜாடியைத் தூக்குகிறவன். அவன் ஒரு ஆட்டையே தின்பான் என்று சமையல்காரி சிரித்தாள். பாரிக் இரண்டு கையாலும் குடலை வாங்கிக்கொண்டான். நன்றி சொன்னான். மொடாக்களுக்குப் பின்னால் போனான். சற்று நேரத்தில் வீட்டு நாய் உதட்டை நக்கியபடி வெளியே வந்தது.

"நாயோட பிறந்த நாளும் இன்னைக்குத்தான் போலிருக்கு" என்றான் சோசிமு.

இத்திபால் பாரிக்கின் முதுகைப் பார்த்தார். வருஷக்கணக்காக ஜாடி சுமந்து இடது தோள் இறங்கியிருந்தது.

சமையல்காரியையும் காவலனையும் கூடையோடு உள்ளே அனுப்பினார். பின்கட்டில் நாலு பேர் மட்டும் நின்றார்கள்.

"உன்னை எதுக்குடா அனுப்பினாங்க?" என்றார் பாரிக்கிடம்.

"அம்மாவைப் பின்தொடர, ஐயா."

"பின்தொடர்ந்து பின்தொடர்ந்து பக்கத்துலயே போய் நின்னுட்டியே!"

பாரிக் தலை குனிந்தான். ஒளிக்கப் பார்க்கவில்லை. "முதல் வாரம் வெளியில நின்னேன். ரெண்டாவது வாரம் மழை. தையல்காரி அக்கா கதவைத் திறக்கச் சொல்லி, ஏன்பா நனையறே, உள்ள வான்னாங்க. நான் அடிமைன்னேன். அதனால என்ன, மழை எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னாங்க."

"எசமான்கிட்டப் பொய் சொன்னே."

"இல்ல ஐயா. அக்காவுக்கு நிஜமாவே காலு வராது. அவங்க வீட்டுக்குத்தான் அம்மா போறாங்க."

"பொய் இல்லதான். உண்மைக்குக் கதவை வெச்சுப் பாதி சாத்தியிருக்கே" என்றார் கிழவர். தொனாத்தாவின் பக்கம் திரும்பினார். "நீ தூக்கத்துல எசமானைக் கூப்பிடறது பக்கத்துல படுத்திருக்கறவன் காதுல விழுதும்மா. செப்புல என்ன இருக்கு?"

"ரொட்டி" என்றாள் அவள்.

"வெறும் ரொட்டியா?"

அவள் பதில் சொல்வதற்குள், அவர்களுக்குப் பின்னால் இருந்த கடைசி மொடாவின் மூடி கீழே விழுந்து உடைந்தது.

உள்ளேயிருந்து மெத்தூன் எழுந்தான். தலைமுடியில் செதில், தோளில் ஒரு மீன் முள், இரண்டு கண்ணிலும் நீர். மீன்சாறு காரமா, பொறாமையா என்று சொல்வதற்கில்லை. கையில் கத்தி.

"உத்திக்கா இவ்வளவு பக்கத்துலயா இருக்கு?" என்றான் சோசிமு.

"நீதானாடா அவன்?" மெத்தூன் மொடா விளிம்பைத் தாண்டிக் குதித்தான். "என் சோத்தைத் தின்னுட்டு! நான் அனுப்பின நாயி!"

"நான் போனேன், எசமான். சமாதான முத்தம் கொடுத்தேன். அவ்வளவுதான்" என்றான் பாரிக். இருந்த இடத்திலிருந்து நகரவில்லை.

"முத்தமும் குடுத்தியா!"

மெத்தூனுக்கு இது தெரியாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கத்தி உயர்ந்தது. கிழவர் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினார். துறைமுகக் காவலில் பிடித்த பழைய பிடி, எலும்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

"வெட்டுங்க" என்றாள் தொனாத்தா. பாரிக்குக்கு முன்னால் வந்து நின்றாள். "இவனை வெட்டிட்டு அந்தத் தையல்காரியை வெட்டணும். அப்பறம் தோல்காரங்க. அப்பறம் ஒரு தாத்தா, வாயில ஒரு பல்லு கிடையாது. எல்லாரும் எல்லாருக்கும்தான் குடுத்தோம்."

"கத்தி மழுங்கிடும், முதலாளி" என்றான் சோசிமு.

"அந்த எசமான் யாருடி? அதைச் சொல்லு!"

"நான் சொல்றேன்" என்றார் இத்திபால், கையை விடாமலே. "அவன் செத்துப் பல தலைமுறை ஆச்சு. யூதேயா நாட்டுல ஒரு தச்சன். இந்த மாதிரி ஒரு ஆளுநர்தான் மரத்துல ஆணியடிச்சுக் கொன்னான். திரும்பி எழுந்தான்னு இவங்க சொல்றாங்க. நான் பாக்கலை."

மெத்தூனின் கை தளர்ந்தது. கிழவர் நினைத்தார், ஆள் சிரிப்பான், செத்தவன்தானே என்று சமாதானம் ஆவான் என்று. அங்கேதான் அவர் கணக்கு தப்பியது. மெத்தூன் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"உயிரோட இருந்தா அடிச்சிருப்பேன். வாட்டசாட்டமா இருந்தா இன்னும் நல்லா அடிச்சிருப்பேன். செத்தவனை என்ன பண்றது? வயசாகாது, தொப்பை விழாது, மீன் நாத்தம் அடிக்காது. ராத்திரி பூரா என்னை விட்டுட்டு அவனைக் கூப்பிடறா!" திடீரென்று நிமிர்ந்தான். "நாளைக்கே ஆளுநர்கிட்டப் போறேன். எல்லாத்தையும் சொல்றேன். மொத்தக் கூட்டத்தையும் மிருகத்துக்குப் போடட்டும்!"

பாரிக்கின் முகம் வெளிறியது. தொனாத்தா கண்ணை மூடினாள்.

இத்திபால் அவன் பக்கத்தில் குந்தினார். "போ. தாராளமாச் சொல்லு. நான் போன வசந்தத்துல அரங்கத்து வாசல்ல நின்னேன். இந்தக் கூட்டத்துப் பொண்ணுங்க உள்ள போறப்ப எப்படிப் போனாங்க தெரியுமா? கல்யாணத்துக்குப் போற மாதிரி. இன்னைக்கு எசமானைப் பாக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போனாங்க. இவளும் அப்படித்தான் போவா. சிரிச்சுக்கிட்டே." கிழவர் அவன் காதுக்கு நெருங்கினார். "நீயே அலங்காரம் பண்ணி, அவன்கிட்டக் கொண்டுபோய் விட்ட மாதிரி ஆகும். அதுதான் வேணுமா உனக்கு?"

மெத்தூனின் வாய் திறந்தபடி நின்றது. அந்த யோசனை அவனுக்குள் இறங்குவது வெளியே தெரிந்தது. கத்தி தரையில் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

பிறகு பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான். "அந்தச் செப்பு. ரொட்டின்னு சொன்னியே. ரொட்டியவா எனக்கு ஒளிச்சே? நான் என்ன, உனக்கு ரொட்டிக்குக் கணக்குப் பாக்கறவனா?"

"ஒளிக்கலைங்க. அது கூட்டத்துல ஜெபிச்சுக் குடுக்கற ரொட்டி. உங்களுக்குக் குடுக்க முடியாது. இப்பக் குடுக்க முடியாது."

"இப்பன்னா?"

"நீங்க வரணும். உக்காந்து கேக்கணும். கத்துக்கணும். அதுக்கப்பறம் தண்ணியில முழுக்கு. அதுக்கப்பறம்தான் ரொட்டி."

"முத்தம்?"

"அதுவும் அப்பறம்தான். முழுக்கு வாங்காதவங்களை அதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிடுவாங்க."

"அதாவது நான் தெருவுல நிப்பேன்." மெத்தூன் பாரிக்கை நோக்கிக் கையை நீட்டினான். "இவன் உள்ள நிப்பான்?"

"அவன் முழுக்கு வாங்கியாச்சுங்க."

"எவ்வளவு நாள் கத்துக்கணும்?"

"மூணு வருஷம் ஆகும். குணம் சரியா இருந்தா முன்னாடியும் ஆகலாம்."

"முதலாளிக்கு நாலு ஆகும்" என்றான் சோசிமு.

மெத்தூன் எழுந்தான். முடியிலிருந்து செதிலைத் தட்டினான். சந்தையில் விலை படியாமல் போய்விட்டுத் திரும்பி வருகிறவன் முகம் அவனுக்கு. "சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். என்னை வெளிய நிறுத்திட்டு உள்ள என்ன நடக்குதுன்னு நான் பாக்காம விடறதில்லை. மூணு வருஷம்னா மூணு வருஷம்."

தொனாத்தாவின் முகத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று கிழவருக்குப் பிடிபடவில்லை. "சும்மா வந்தாச் சேத்துக்க மாட்டாங்க. ஏன் வர்றேன்னு கேப்பாங்க. எப்படி வாழறான்னு கேப்பாங்க. கூட்டத்துல ஒருத்தர் உங்களுக்கு ஜாமீன் நிக்கணும்."

"நீ நில்லு."

"பெண்டாட்டி பேச்சை எடுத்துக்க மாட்டாங்க. ஆசையில சொல்றான்னு நினைப்பாங்க."

பிறகு பாரிக் தொண்டையைக் கனைத்தான்.

"நான் நிக்கறேன், எசமான்."

மெத்தூன் அவனைப் பார்த்தான். தினமும் பார்த்த முதுகுக்கு ஒரு முகம் இருப்பதை அப்போதுதான் கண்டவன் போலப் பார்த்தான். "என்னைப் பத்தி என்னன்னு சொல்லுவே?"

"கேட்டா உள்ளதைச் சொல்லணும், எசமான். கோபக்காரர். அடிப்பார். பொண்டாட்டி மேல உசுரு."



இத்திபால் துண்டை உதறித் தோளில் போட்டார். தொனாத்தாவைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். "இவனைக் கூட்டத்துல சேக்காதே. சாமியைத் தேடி வரலை. உன்னைக் காவல் காக்க வர்றான். ஒருநாள் இந்த ஆத்திரம் திரும்பும், அன்னைக்கு ஊருக்கே வீடு காட்டிக் குடுப்பான்."

"தெரியும், பெரியவரே. இதைவிட மோசமான காரணத்துக்கு வந்தவங்க இருக்காங்க" என்றாள் அவள். "நீங்களும் ஒருநாள் வாங்களேன்."

"நானா?" என்றார் கிழவர், அவமானப்பட்டவர் போல. வாசலைப் பார்த்து நடந்தார்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. சோசிமு பின்னாலேயே ஓடிவந்தான். "பெருசு, ஒருவேளை நிஜமா இருந்தா? ஒண்ணும் எதிர்பாக்காம ஒருத்தனை உள்ள கூப்பிடறது?"

"ஒண்ணும் எதிர்பாக்காதவனை நான் இதுவரைக்கும் பாக்கலை."

பின்னாலிருந்து மெத்தூனின் குரல் கேட்டது. ரெண்டு வருஷமாகக் குறைக்க முடியாதா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தான். கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஒரு மாதத்தில் அலுத்து ஓடிவிடலாம். அல்லது ஒருநாள் ஆத்திரத்தில் சிப்பாய்களோடு போய் நிற்கலாம். இரண்டும் நடக்கக்கூடியதுதான். மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. வந்த காரணத்தை மறந்துவிட்டு, அவன் அங்கேயே தங்கிப்போகலாம். அந்த மூன்றாவதைத்தான் இத்திபால் கொஞ்சமும் நம்பவில்லை. நம்பாமலே துறைமுகத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.